டார்செட் கிராமத்துக் கல்லறைகள்: யார் எங்கே இருக்கிறார்கள், எதைப் பார்க்கலாம்?

பூல்_பாண்டியன் எழுதியது:

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், அரசர்களும் கவிஞர்களும் புதைக்கப்பட்டிருக்கும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே சர்ச்தான். டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, தரையில் பதித்திருக்கும் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பின்னால் வருகிறவர் தள்ளிக்கொண்டே வர... தப்பில்லை, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதே லண்டனிலிருந்து ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் டார்செட் வந்துவிடலாம். இங்கிலாந்தின் தென்கரையில், மோட்டார்வேயே இல்லாத மாவட்டம். வயல், ஆடு, கடலோரப் பாறை, அவ்வளவுதான். இங்கே குட்டிக் குட்டி சர்ச் வளாகங்களில் படுத்திருப்பவர்களின் பட்டியலைப் போட்டால் அபேக்கே கொஞ்சம் பொறாமை வரும். பல இடங்களில் கட்டணமும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

நான் ஆரம்பித்து வைக்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் விட்சர்ச் கெனானிகோரம் என்று ஒரு கிராமம். பெயர்தான் நீளம், ஊர் சின்னது. அங்குள்ள சர்ச்சுக்குள் புனித வைட் என்ற பெண்ணின் சமாதி இருக்கிறது. எட்டாம் ஹென்றி காலத்தில் நாடு முழுக்கப் புனிதர்களின் சமாதிகளை உடைத்து எலும்பை வீசினார்கள் அல்லவா, அதில் தப்பியவை இரண்டே இரண்டு என்பார்கள். ஒன்று அபேயில் இருக்கும் எட்வர்ட் அரசருடையது, இன்னொன்று இந்தக் கிராமத்தில். 1900-ல் சுவரில் விரிசல் விட்டபோது உள்ளே ஒரு ஈயப்பெட்டி தெரிந்தது, வைட்டின் எலும்புகள் இங்கே இருக்கின்றன என்று லத்தீனில் எழுதியிருந்தது. சமாதியின் அடிப்பகுதியில் முட்டை வடிவத்தில் மூன்று துளைகள் உண்டு. நோய்ப்பட்ட கையையோ காலையோ அதற்குள் நுழைத்து வேண்டிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். இன்றைக்கும் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளில் வேண்டுதலை எழுதி உள்ளே வைக்கிறார்கள். பேனாவில் எழுதிய, நாலாக மடித்த துண்டுகள். நம்மூர் ஆளுக்கு இது புதிதே இல்லை.

அதே சர்ச்சில்தான் சர் ஜார்ஜ் சோமர்ஸ். 1609-ல் இவருடைய கப்பல் பெர்முடாவில் கரைதட்டித்தான் அந்தத் தீவில் ஆங்கிலேயர் குடியேற்றமே ஆரம்பித்தது. மறு வருடம் அங்கேயே செத்தார். இதயத்தை அங்கே புதைத்துவிட்டு உடலை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள், பீப்பாயில் ஊறப்போட்டுக் கொண்டுவந்ததாகவும் கதை உண்டு.

வெளியே வந்தால் கியோர்கி மார்க்கோவ். பல்கேரிய எழுத்தாளர், அந்த நாட்டுக் கம்யூனிஸ்ட் அரசைத் திட்டி பிபிசியிலும் மற்ற வானொலிகளிலும் பேசியவர். 1978 செப்டம்பர் 7, லண்டன் வாட்டர்லூ பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது தொடையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. திரும்பினால் ஒருத்தன் குடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் செத்துப்போனார். தொடைக்குள் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு உலோகக் குண்டு, அதில் துளை, துளைக்குள் ரைசின் விஷம் என்று முடிவு கட்டினார்கள். செப்டம்பர் 7 பல்கேரிய அதிபர் ஷிவ்கோவின் பிறந்தநாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கல்லில் ஒரு பக்கம் ஆங்கிலம், இன்னொரு பக்கம் பல்கேரிய எழுத்து. சுதந்திரத்துக்காகச் செத்தார் என்று இருக்கிறது. பக்கத்திலேயே பிபிசியில் அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்டே வியர்க்க வைத்த ராபின் டே. ஒரு புனிதர், ஒரு கடலோடி, ஒரு எழுத்தாளர், ஒரு டிவிக்காரர், எல்லாம் ஒரே காம்பவுண்டில்.

---

செம்பருத்தி எழுதியது:

அங்கே வரை போய்விட்டு லைம் ரீஜிஸ் போகாமல் திரும்புவார்களா அண்ணா? காரில் பக்கம்தான். செயின்ட் மைக்கேல் சர்ச், கடலைப் பார்த்த மேடு. மேரி ஆனிங் அங்கேதான்.

தச்சர் வீட்டுப் பெண். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், கடன் வேறு. பாறைச் சரிவில் கிடைக்கும் சிப்பிக் கற்களை, அதாவது கல்லாய்ச் சமைந்த பழங்கால உயிரினங்களைப் பொறுக்கி, கோடையில் வரும் கடற்கரைக் கூட்டத்துக்கு விற்றுத்தான் சாப்பாடு. 1811, 1812 வாக்கில் அண்ணன் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டுபிடித்தார், மீதி உடம்பை மேரி தோண்டி எடுத்தாள். அப்போது பன்னிரண்டு வயது. அது இக்தியோசர், மீன் வடிவத்தில் இருந்த பழங்காலக் கடல் ஊர்வன. 1823-ல் முழு பிளீசியோசர், நீளக் கழுத்துக் கடல் ஊர்வன, 1828-ல் பறக்கும் ஊர்வன. லண்டனிலிருந்து பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து இவளிடம் வாங்கிப்போய்த் தங்கள் பெயரில் கட்டுரை எழுதினார்கள். லண்டன் நிலவியல் சங்கத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. இவள் செத்து இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தச் சங்கத்துக்காரர்களே காசு போட்டு இதே சர்ச்சில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். உயிரோடு இருந்தவரை உள்ளே விடவில்லை, செத்தபிறகு ஜன்னல்!

கல்லைப் போய்ப் படியுங்கள். மேரி செத்தது 1847 மார்ச், மார்பகப் புற்றுநோய், 47 வயது. ஜோசப் செத்தது 1849-ல். ஆனால் கல்லில் முதலில் ஜோசப் பெயர், அப்புறம் குழந்தையிலேயே இறந்த அவருடைய மூன்று பிள்ளைகள், அதற்கும் கீழே "மேற்படியாரின் தங்கை" என்று மேரி. முதலில் செத்தவள் கடைசியில். உலகமே அவளைத் தேடித்தான் அந்தக் கல்லுக்கு வருகிறது. வருகிறவர்கள் பூ வைப்பதில்லை, கடற்கரையில் பொறுக்கிய சுருள் சிப்பிக் கற்களைக் கல்லின் காலடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஊருக்குள் சிலை வந்தது 2022-ல்தான், அதுவும் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி "ஏன் இவங்களுக்குச் சிலையே இல்லை" என்று கேட்டுக் கிளப்பிய பிறகு.

---

சும்மா_வாசகன் எழுதியது:

விடுமுறைக்குச் சுடுகாடு சுற்றப்போகும் கோஷ்டியை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் பாட்டி இருந்திருந்தால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தலைமுழுக்கு போட வைத்திருப்பார். சரி சரி, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நிறுத்தாதீர்கள்.

---

தோழர்_சைக்கிள் எழுதியது:

டோல்பட்டில் என்ற கிராமத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லையா, ஆச்சரியம்.

1834. விவசாயக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங்கிலிருந்து 7-க்கு இறங்கிவிட்டது, 6 ஆக்கப்போகிறோம் என்கிறார்கள் பண்ணையார்கள். ஊரில் ஒரு மரத்தடியில் கூடிப்பேசி, சங்கம் ஆரம்பித்து, கண்ணைக் கட்டி ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் கூலிகள். சங்கம் வைப்பது அப்போது சட்டப்படி குற்றமில்லை. அதனால் கடற்படைக் கலகத்தை அடக்கப் போட்ட 1797-ம் வருட உறுதிமொழிச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஆறு பேருக்கு ஏழு வருடம், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றம். நாடு முழுக்கக் கூட்டம், ஊர்வலம், லட்சக்கணக்கில் கையெழுத்து. 1836-ல் மன்னிப்பு கொடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பிவந்த ஆறு பேரில் ஐந்து பேர் இந்த ஊரே வேண்டாம் என்று கடைசியில் கனடாவில் போய்க் குடியேறிவிட்டார்கள். அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ்ஸின் கல்லறை ஒன்டாரியோவில். டோல்பட்டில் மண்ணிலேயே கிடப்பது ஜேம்ஸ் ஹாமெட் மட்டும்தான். அவரும் அந்த உறுதிமொழிக் கூட்டத்துக்கே போகவில்லை, போனது அவருடைய தம்பி, தம்பி மனைவிக்குப் பேறுகாலம் என்பதால் இவர் வாயைத் திறக்காமல் தண்டனையை ஏற்றுக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். திரும்பிவந்து கட்டட வேலை செய்தார். கடைசியில் கண் தெரியாமல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் 1891-ல் செத்தார். கல்லே இல்லாமல் நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்தார். 1934-ல் நூற்றாண்டு கொண்டாடியபோதுதான் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு கல் நட்டது, செதுக்கியவர் எழுத்துரு வடிவமைப்பாளரும் சிற்பியுமான எரிக் கில். எழுத்துரு தெரிந்தவர்கள் அந்தக் கல்லின் எழுத்தைப் பார்க்கவே போகலாம். வருடா வருடம் ஜூலையில் சங்கக் கொடிகளோடு ஊர்வலம் வந்து மாலை வைக்கிறார்கள். அன்றைக்குப் போனால் கூட்டம், மற்ற நாளில் போனால் நீங்களும் காக்காயும்தான்.

---

கல்வெட்டுக்காரன் எழுதியது:

டார்செட் என்றால் நாவலாசிரியர், கவிஞர் தாமஸ் ஹார்டி, அவரை இவ்வளவு நேரம் காக்க வைத்ததே அநியாயம்.

1928 ஜனவரி 11-ல் டார்செஸ்டரில் இறந்தார். ஸ்டின்ஸ்ஃபோர்ட் சர்ச் வளாகத்தில் அப்பா அம்மா, முதல் மனைவி எம்மா எல்லோருக்கும் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை, உயிலிலேயே இருந்தது. ஆனால் உயிலை நிறைவேற்ற வேண்டிய சிட்னி காக்கரெலும் நாடகாசிரியர் பேரியும் சேர்ந்து, இவ்வளவு பெரிய ஆள் அபேக்குத்தான் போக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஊரில் கொதிப்பு. உள்ளூர்ப் பாதிரியார் சொன்ன சமரசம்தான் இதயத்தை மட்டும் ஊருக்குக் கொடுப்பது. டாக்டர் வந்து இதயத்தை எடுத்தார், மீதி உடலைத் தகனம் செய்து சாம்பலை அபேயின் கவிஞர் மூலையில் வைத்தார்கள். ஜனவரி 16, அங்கே கிப்ளிங், பெர்னார்ட் ஷா, பிரதமர் பால்ட்வின் எல்லாம் பெட்டியோடு நடக்கிறார்கள், அதே நேரத்தில் இங்கே ஸ்டின்ஸ்ஃபோர்ட்டில் எம்மாவின் குழியில் ஒரு சின்னப் பெட்டி இறங்குகிறது. நீளமான மேசைபோன்ற கல்லறை, பக்கவாட்டில் எழுத்து, இதயம் மட்டும் இங்கே, சாம்பல் அபேயில் என்று கல்லிலேயே விவரம்.

இரண்டடி தள்ளி செசில் டே-லூயிஸ், 1972-ல் இறந்த அரசவைக் கவிஞர், நடிகர் டேனியல் டே-லூயிஸின் அப்பா. ஹார்டி மேல் இருந்த பிரியத்தால் அவருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கியவர்.

---

சும்மா_வாசகன் எழுதியது:

பூனைக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! இதயத்தை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்களாம், பூனை வந்து தின்றுவிட்டதாம், அப்புறம் பூனையையே பெட்டியில் போட்டுப் புதைத்தார்களாம்.

---

கல்வெட்டுக்காரன் எழுதியது:

பிஸ்கட் டின் உண்மை. பூனை, டீக்கடைப் பேச்சு. அந்தக் கதையை ஊர்க்காரர்கள் ரசித்துச் சொல்வதில் ஒரு கோபம் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தோன்றுவது. லண்டன்காரர்கள் எங்கள் ஆளை அறுத்துப் பங்குபோட்டார்கள் என்று நேரடியாகச் சொல்ல முடியாமல் பூனை மேல் போட்டுச் சொல்கிறார்கள். பூல் பாண்டியன் ஆரம்பித்த இழையில் சோமர்ஸ் உடல் இங்கே, இதயம் பெர்முடாவில். ஹார்டி இதயம் இங்கே, சாம்பல் லண்டனில். அடுத்து யாராவது இன்னொரு இதயத்தோடு வருவார்கள் பாருங்கள்.

---

வல்வைக்காரி எழுதியது:

வந்துவிட்டேன், இதயத்தோடு. போர்ன்மவுத் செயின்ட் பீட்டர்ஸ். நகரின் நடுவில், கடைத்தெருவுக்குப் பக்கத்தில், பலபேர் ஷாப்பிங் பையோடு கடந்து போகிற இடம். ஃபிராங்கன்ஸ்டைனை எழுதிய மேரி ஷெல்லி அங்கே இருக்கிறார்.

1851 பிப்ரவரியில் லண்டனில் இறந்தார். தன் அப்பா காட்வின், அம்மா மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் இருவரோடும் இருக்க வேண்டும் என்பது ஆசை. அவர்கள் இருந்தது லண்டன் செயின்ட் பான்கிராஸ் பழைய சர்ச் வளாகத்தில். அந்த இடம் அப்போது படுமோசம். மகனும் மருமகளும் போர்ன்மவுத்துக்குப் பக்கத்தில் பாஸ்கோமில் வீடு வாங்கியிருந்தார்கள். அதனால் தாத்தா பாட்டியின் பெட்டிகளைத் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து மூவரையும் ஒன்றாக வைத்தார்கள். பாதிரியாருக்கு விருப்பமில்லை, காட்வினும் வுல்ஸ்டன்கிராஃப்டும் புரட்சிக் கருத்துகளை எழுதியவர்கள், அவர் கண்ணில் தீவிரவாதிகள். மருமகள் ஜேன் பெட்டிகளோடு வண்டியிலேயே வாசலில் உட்கார்ந்து, கேட்டைத் திறக்கும் வரை நகரமாட்டேன் என்றாளாம். மகன் 1889-ல் இறந்தபோது மேரியின் கணவர் கவிஞர் ஷெல்லியின் இதயமும் அதே குழிக்குள் போனது. இத்தாலியக் கடற்கரையில் உடலை எரித்தபோது எரியாமல் மிஞ்சியது என்று எடுத்து வைத்திருந்தது, மேரி இறந்த பிறகு அவருடைய மேசையில் பட்டுத்துணியில் சுற்றிக் கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அம்மாவையும் அப்பாவையும் எடுத்துப்போன பிறகு, 1860களில் அதே செயின்ட் பான்கிராஸ் வளாகத்தை ரயில்பாதைக்காகத் தோண்டினார்கள். அந்த எலும்புகளை ஒழுங்காக எடுத்து வைக்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்க ஒரு இளம் கட்டடக்கலைப் பயிற்சியாளரை அனுப்பினார்கள். அவர்தான் தாமஸ் ஹார்டி! அகற்றிய கற்களை வட்டமாக அடுக்கிய மரத்துக்கு ஹார்டி மரம் என்றே பெயர், 2022 டிசம்பரில்தான் அது விழுந்தது. ஊர் ஊராக எலும்பு இடம் மாறுவதை இருபத்தைந்து வயதில் பார்த்த மனிதருக்குத்தான் கடைசியில் இந்தக் கதி.

---

கல்வெட்டுக்காரன் எழுதியது:

எல்லாம் அருமை அக்கா, ஆனால் போர்ன்மவுத் 1974 வரை ஹாம்ப்ஷயர். மேரி ஷெல்லி புதைக்கப்பட்டது ஹாம்ப்ஷயரில்.

---

வல்வைக்காரி எழுதியது:

புதைத்தபிறகு எல்லைக்கோடு நகர்ந்தது, அவர் நகரவில்லை. இன்றைக்கு டார்செட்டில் இருக்கிறார், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மருந்துக்கடை_மாமா எழுதியது:

கவிஞர்களும் கடலோடிகளும் போதும். வர்த் மட்ராவர்ஸ் என்ற கிராமத்தில், செயின்ட் நிக்கலஸ் சர்ச்சுக்கு வெளியே, பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயியின் கல் இருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டிய கல்.

1774-ல் இவர் யெட்மின்ஸ்டர் என்ற ஊரில் இருந்தார். பெரியம்மை பரவுகிறது. இவருக்கு முன்பே மாட்டம்மை, அதாவது மாட்டிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் லேசான அம்மை, வந்து போயிருந்தது. வீட்டில் பால் கறந்த இரண்டு பெண்களுக்கும் அப்படியே, அவர்கள் அம்மை வந்த சொந்தக்காரர்களைக் கூடவே இருந்து கவனித்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆள் யோசித்தார். பக்கத்துப் பண்ணையில் ஒரு மாட்டின் மடியிலிருந்த கொப்புளத்தில் பின்னல் ஊசியைத் தொட்டு, மனைவி எலிசபெத்துக்கும் இரண்டு பையன்களுக்கும் கையில் கீறிவிட்டார். பையன்களுக்கு லேசாக வந்து போனது, மனைவிக்குக் கை வீங்கிக் காய்ச்சல் கண்டு பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஊரில் இவரைப் பார்த்துக் கல் எறிந்தார்கள், மாட்டின் சீழை மனுஷனுக்குள் விட்டுவிட்டான் என்று. தடுப்பூசிக்குப் பேர் வாங்கிய டாக்டர் எட்வர்ட் ஜென்னர் தன் சோதனையைச் செய்தது 1796-ல். இருபத்திரண்டு வருடம் பின்னால்!

1805-ல் லண்டனிலிருந்து கூப்பிட்டார்கள். கிராமத்து உடையிலேயே போனார், தங்கப்பிடி போட்ட கத்திகள் பரிசு, படம் வரைந்தார்கள். மூத்த பையன் அங்கேயே பெரியம்மைச் சீழைக் குத்திக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினான். 1816-ல் இறந்தார். கல்லில் நேர்மையானவர் என்று ஆரம்பித்து, மாட்டம்மையைக் குத்தி அறிமுகப்படுத்திய, (தெரிந்தவரை) முதல் ஆள் என்று இருக்கிறது. அந்த "தெரிந்தவரை" கல்லில் நிஜமாகவே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. யாருக்கு இவ்வளவு ஜாக்கிரதை! பக்கத்தில் எலிசபெத். அந்தக் கீறலுக்குப் பிறகு ஐம்பது வருடம் இருந்து, கணவனுக்கும் பின்னால் 1824-ல் போனார்.

---

செம்பருத்தி எழுதியது:

மாமா, ஜெஸ்டியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஜென்னர் திருடிவிட்டார் என்பது போல ஒரு தொனி வருகிறது. ஜென்னர் திரும்பத் திரும்பச் சோதித்து, 1798-ல் எழுதி அச்சிட்டு, யார் கேட்டாலும் மருந்தை அனுப்பினார். அதனால்தான் ஒரு சில வருடத்தில் அது இந்தியா வரை போனது. ஜெஸ்டி தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார், யாருக்கும் எழுதவில்லை. ஊரைக் காப்பாற்ற எழுதித்தானே ஆக வேண்டும்?

---

மருந்துக்கடை_மாமா எழுதியது:

எழுதப்படிக்கும் டாக்டருக்கும் மாடு மேய்க்கும் விவசாயிக்கும் ஒரே அளவுகோலா அம்மா? மேரி ஆனிங் கல்லுக்கு நீயே சண்டை போட்டுவிட்டு இங்கே வந்து "எழுதவில்லையே" என்றால் எப்படி. கல்லைக் கண்டெடுத்தவள் ஒருத்தி, கட்டுரை எழுதியவன் ஒருவன் என்பதுதானே உன் புகார்.

---

செம்பருத்தி எழுதியது:

வித்தியாசம் இருக்கிறது. மேரி கண்டுபிடித்ததை வாங்கி, பெயரை மறைத்தார்கள். ஜென்னர் ஜெஸ்டியிடம் எதையும் வாங்கவில்லை. ஆனாலும் அந்த அடைப்புக்குறி எனக்கும் எரிச்சல்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

---

பூல்_பாண்டியன் எழுதியது:

பஞ்சாயத்து அப்புறம். பெயரில் எப்போதும் பின்னால் நிற்கவே பழகிய இன்னொருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். பூல் நகர ஓரம், பிராட்ஸ்டோன் மயானம். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். மலேயத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு, அதாவது பிழைக்கத் தோதான உயிர்களே நிலைத்துப் பெருகும் என்பது பற்றித் தோன்றியதை எழுதி 1858-ல் டார்வினுக்குத் தபாலில் அனுப்பினார். அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் டார்வின் பதறிப்போய் இருபது வருடமாகத் தானும் வைத்திருந்த அதே கருத்தை வெளியே எடுத்தார். டார்வின் அபேயில். வாலஸ் 1913 நவம்பரில், 90 வயதில் இறந்து எங்கள் ஊர்ப் பொது மயானத்தில்.

ஆனால் கல்லைப் பாருங்கள். போர்ட்லாந்து தீவில் எடுத்த ஒரு மரத்தின் தண்டு, கல்லாய்ச் சமைந்தது, ஜுராசிக் காலத்தது, ஏழடி உயரம், பர்பெக் கல்மேடை மேல் நேராக நிற்கிறது. சுற்றிலும் வரிசையாகச் சாதாரணச் சிலுவைக் கற்கள், நடுவில் இது மட்டும் தடியாக, பட்டை வரியோடு. தொட்டால் மரம் மாதிரி இருக்கும், தட்டினால் கல். மனைவி ஆனியும் அடுத்த வருடம் அங்கேயே சேர்ந்தார். இந்த இடத்துக்கும் குத்தகைக் கெடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கவனிப்பாரின்றிக் கிடந்த கல்லறையை 1999-ல் ஆரம்பித்த வாலஸ் நினைவு நிதிக்காரர்கள்தான் பழுதுபார்த்துக் குத்தகையையும் நீட்டினார்கள். கல்லறைக்குப் போனால் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், கல்லுக்குக் காசு யார் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான். ஹாமெட்டுக்குச் சங்கம், மேரிக்கு அண்ணன் வீடு, வாலஸுக்கு யாரோ முகம் தெரியாத ரசிகர்கள்.

---

தோழர்_சைக்கிள் எழுதியது:

அப்படியானால் மோர்ட்டன் கிராமத்தையும் சேர்க்க வேண்டும். அரேபியா லாரன்ஸ், முதல் உலகப்போரில் அரேபியரோடு சேர்ந்து போரிட்ட ஆங்கிலேய அதிகாரி. 1935 மே 13, தன் க்ளவுட்ஸ் ஹில் குடிசைக்குப் பக்கத்தில் ப்ரோ சுப்பீரியர் மோட்டார்சைக்கிளில் வந்தவர், சைக்கிளில் போன இரண்டு பையன்களைத் தவிர்க்க வளைத்து விழுந்தார். தலையில் அடி, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து மே 19-ல் இறந்தார். அடக்கத்துக்கு வின்ஸ்டன் சர்ச்சிலே வந்தார். கல்லறை சர்ச்சை ஒட்டி இல்லை, கொஞ்சம் தள்ளித் தனி மயானத்தில். பலபேர் சர்ச்சைச் சுற்றிச் சுற்றி வந்து திரும்பிவிடுகிறார்கள், கவனம். அரேபியா என்ற வார்த்தையே கல்லில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆல் சோல்ஸ் கல்லூரி உறுப்பினர், பிறப்பு, இறப்பு, கீழே ஒரு பைபிள் வசனம். சட்டப்படி தன் பெயரை ஷா என்று மாற்றிக்கொண்டு எட்டு வருடம் ஆகியிருந்தது, கல்லில் லாரன்ஸ் என்றே போட்டார்கள்.

அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். இந்தச் சாவு அவரை உறுத்தியது. ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார்சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் எழுதினார். ராணுவத்தில் ஹெல்மெட் கட்டாயமானது அதிலிருந்துதான். இன்று நம் ஊரில் போலீஸைப் பார்த்ததும் டேங்க் மேல் இருக்கும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டுகிறோமே, அதன் வம்சாவளி இந்த மயானத்தில் இருக்கிறது.

இன்னொன்று. மோர்ட்டன் ஊரே ஃபிராம்ப்டன் குடும்பத்துப் பண்ணை. லாரன்ஸுக்கு அவர்கள் தூரத்து உறவு, குடிசையும் அந்தப் பண்ணையைச் சேர்ந்ததுதான். 1834-ல் டோல்பட்டில் ஆறு பேரையும் பிடித்து உள்ளே வைக்க முன்னால் நின்ற நீதிபதி யார் தெரியுமா? இதே மோர்ட்டன் ஜேம்ஸ் ஃபிராம்ப்டன். இரண்டு ஊருக்கும் நடுவே சைக்கிள் மிதிக்கும் தூரம்தான்.

---

வல்வைக்காரி எழுதியது:

மோர்ட்டன் சர்ச்சின் கண்ணாடிகளைச் சொல்லாமல் விடாதீர்கள் தோழர். 1940-ல் குண்டு விழுந்து ஜன்னல் எல்லாம் போன பிறகு லாரன்ஸ் விஸ்லர் என்ற கலைஞர் பல வருடம் எடுத்துப் புதுக் கண்ணாடிகள் செதுக்கினார். வண்ணம் கிடையாது, வெறும் கீறல், உள்ளே நின்றால் கண்ணாடி வழியாக மரமும் வானமும் தெரியும். பதின்மூன்றாவது ஜன்னல் யூதாஸ் தூக்கில் தொங்குவது, கையிலிருந்து விழும் வெள்ளிக்காசுகள் கீழே பூவாகின்றன. இது வேண்டாம் என்று முதலில் மறுத்துவிட்டார்கள், 2014-ல்தான் வைத்தார்கள், அதுவும் வெளியே நின்று பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி.

---

சும்மா_வாசகன் எழுதியது:

நம்ம ஊர்க்காரர்களோடு சம்பந்தப்பட்டவர் ஒருவர்கூட இல்லையா?

---

கல்வெட்டுக்காரன் எழுதியது:

இருக்கிறார், நல்ல விதமாகவா என்பது வேறு. பிளான்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி. தாமஸ் பிட், அந்த ஊர்ப் பாதிரியாரின் மகன், 1653-ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகத் திருட்டு வியாபாரம் செய்து, கம்பெனியோடு வழக்காடி, கடைசியில் கம்பெனியே தாங்க முடியாமல் அவரை 1698-ல் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னராக அனுப்பியது. 1709 வரை இருந்தார். முகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டது இவர் காலத்தில். 1707-ல் வலங்கை இடங்கைச் சாதிச் சண்டை வெடித்தபோது எந்தத் தெரு யாருக்கு என்று எல்லை பிரித்தது இவர். 1708-ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஐந்து ஊரையும் கம்பெனிக்கு வாங்கிச் சேர்த்ததும் இவர்தான். நுங்கம்பாக்கத்தில் வாடகை கட்டுகிறவர்கள் ஒரு பெருமூச்சு விடலாம்.

ஆனால் ஆளின் பட்டப்பெயர் வைர பிட். ஆந்திரத்துக் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்த 410 காரட் கல்லை, ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 பகோடாவுக்கு (வராகன், அந்தக் காலத் தங்கக் காசு) வாங்கினார். ஒரு அடிமை தன் காலைக் கிழித்து அதற்குள் மறைத்துக் கொண்டுவந்தான், கப்பல்காரன் அவனைக் கொன்றுவிட்டு விற்றான் என்று ஒரு கதை அப்போதே ஊர் முழுக்க. லண்டனில் பட்டை தீட்டியதில் சுமார் 140 காரட் நின்றது. 1717-ல் பிரான்சின் அரசப் பிரதிநிதி ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். நெப்போலியன் வாள் கைப்பிடியில் பதித்துக்கொண்ட அதே கல், இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில். அந்தப் பணத்தில் நிலம், பார்லிமென்ட் சீட்டு, பேரன் பிரதமர், கொள்ளுப்பேரன் பிரதமர். 1726-ல் இறந்தவரைப் பிறந்த ஊர் சர்ச்சிலேயே புதைத்தார்கள், தன் காசில் பழுதுபார்த்த சர்ச் வேறு. பூல் பாண்டியன் கேட்டாரே, கல்லுக்குக் காசு யார் கொடுத்தது என்று. இங்கே பதில் கொல்லூரில் மண் தோண்டியவர்கள்.

---

சும்மா_வாசகன் எழுதியது:

சரி, பாட்டி மன்னிக்கட்டும், நானும் வருகிறேன். கார் இல்லாமல் முடியுமா?

---

பூல்_பாண்டியன் எழுதியது:

பாதி முடியும். மோர்ட்டனுக்கு ரயில் நிலையம் உண்டு, இறங்கி ஊருக்குள் நடக்க வேண்டும். போர்ன்மவுத் பிரச்சினையே இல்லை. ஸ்டின்ஸ்ஃபோர்ட் டார்செஸ்டரிலிருந்து ஆற்றோரமாக நடந்தே போகலாம். டார்செஸ்டரில் இறங்குகிறவர்கள் ஃபோர்டிங்டன் மயானத்தையும் எட்டிப் பாருங்கள், உடல் உருக்குலைந்ததால் யானை மனிதன் என்று காட்சிப்பொருளாக்கப்பட்ட ஜோசப் மெரிக்குக்கு அடைக்கலம் வாங்கிக்கொடுத்த சர்ஜன் ஃபிரடெரிக் ட்ரீவ்ஸ் அங்கே. 1924 ஜனவரியில் அவருடைய அடக்கத்துக்குப் பாட்டு தேர்ந்தெடுத்துக் கொடுத்தது 83 வயது ஹார்டி, மழையில் வந்து நின்றார். வர்த் மட்ராவர்ஸுக்கும் விட்சர்ச்சுக்கும் கார்தான் சரி, பாதை ஒரு வண்டி அகலம், எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்தவர் ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், ஆராதனை நடக்கும்.